பதினான்காம் கேள்வி

ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில்
முன்சீட்டு என்னுடையது.
மடியில் இரட்டைக்குழல், இடுப்புப் பட்டியில் பன்னிரண்டு தோட்டா,
மாதம் பதினெட்டாயிரம்.
துப்பாக்கி சொந்தம். லைசென்ஸ் சொந்தம்.
சுட்டால் கேஸும் சொந்தம் என்று
சேர்ந்த அன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

பட்டாளத்தில் பதினேழு வருஷம்
சர்க்காரே எனக்கு வக்கீல்.
எதிரே இருந்தவன் பெயரை
ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை.

இப்போது பிரபுதாஸ் கேட்கிறான்:
"உங்களுக்கு இன்னா பாதுகாப்பு கீது, சார்?"
காட்பாடி டீக்கடை பெஞ்சில் இரண்டு தாளை விரித்து
காற்றுக்குப் பறக்காமல் என் டிபன்பாக்ஸைத் தூக்கி வைத்தான்.

முதல் திட்டம், மாதம் முந்நூற்றைம்பது.
ஜாமீன் அவர்கள் பொறுப்பு. வக்கீல் அவர்கள் கைகாட்டுகிறவர்.
விடுதலையானால் ஒரு பைசா தர வேண்டாம்,
தண்டனை என்றால் செலவழித்த அத்தனையும்
தவணையில் திருப்ப வேண்டும்.
தொரப்பாடி ஜெயிலுக்குள் இருந்துகொண்டு
தவணை எப்படிக் கட்டுவது என்றேன்.
"நெகட்டிவா பேசாதீங்க சார்."

இரண்டாவது, அறுநூறு. வக்கீலை நாமே வைத்துக்கொள்ளலாம்.
வழக்கு முடியும்வரை வீட்டுக்கு அரைச்சம்பளம்.
ஆனால் குடித்திருந்தால் செல்லாது.
தேர்தல் நேரத்தில் செல்லாது,
ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி யாரைச் சுடப்போகிறதோ.
குண்டு முதுகில் பாய்ந்திருந்தால் செல்லாது.

சத்துவாச்சாரி கோர்ட்டு வாசலில் நூருல்லா வக்கீல்
இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.
"தற்காப்பு உரிமைன்னு சட்டத்துல இருக்குது, முனிரத்தினம்.
ஆனா பயந்தது நீ.
அது நியாயமான பயம்தானான்னு சொல்றவரு
ஃபேனுக்கு அடியில உக்காந்து சொல்லுவாரு,
எட்டு வருஷம் கழிச்சு."
ஃபீஸ் வாங்கவில்லை.
அதுதான் எனக்குத் திக்கென்றது.

சரளா கணக்குப் போட்டாள்.
அறுநூறு என்றால் முக்கால் சிலிண்டர்,
முந்நூற்றைம்பது என்றால் பெரியவளின் வேன் காசில் பாதி.
"ரெண்டும் வாணாம், துப்பாக்கியக் குடுத்துடு."
துப்பாக்கி இல்லாத வாட்ச்மேனுக்குப் பதினோராயிரம்.
அதையும் அவளே கூட்டிப் பார்த்தாள்,
பென்சிலைக் கீழே வைத்தாள்.

ராத்திரி விலை குறைந்த தாளை நிரப்பினேன்.
பெயர், பட்டாளத்து நம்பர், ரத்த வகை.
பதினான்காம் கேள்வி:
இதற்கு முன் எவரையேனும் நோக்கித் துப்பாக்கியை உயர்த்தியதுண்டா?
ஆம். இல்லை.
பக்கத்தில் ஆளுக்கொரு சின்னக் கட்டம்.

போன ஆடியில், பள்ளிகொண்டா தாண்டி
பஞ்சர் ஒட்ட நிறுத்தியிருந்தோம்.
வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான்,
கையில் என்னவோ கறுப்பாக.
சேஃப்டியைத் தள்ளினேன்.
விரல் தானாக உள்ளே போனது.
அவன் நின்றான்.

என் தொப்பி.
காற்றில் பறந்துவிட்டதாம்.

தார்ரோட்டில் அதை மெல்ல வைத்துவிட்டு
என்னைப் பார்த்தபடியே
பின்காலால் நடந்து போனான், புளியமரம் வரைக்கும்.
அதற்குப் பிறகுதான் ஓடினான்.

தான் ஒன்றும் பார்க்கவில்லை என்றான் டிரைவர் கோதண்டம்.
வண்டி கேமராவும் அன்றைக்கு ரிப்பேர்.

ஆம் என்றால் திட்டம் இல்லை.
இல்லை என்றால், என்றைக்காவது கூண்டில் ஏறும்போது
அந்த இல்லை எனக்கு முன்னால் போய் நிற்கும்.
பொடி எழுத்தில் இருந்ததை எல்லாம்
லைட்டுக்குக் கிட்டே பிடித்துப் படித்தேன்.
சுட்டவனுக்கு நாற்பத்தொரு பத்தி.
சுடாமல் வீட்டுக்கு வந்தவனுக்கு ஒரு வரி கிடையாது.

காலையில் பிரபுதாஸ் போன்.
"ரொப்பிட்டீங்களா சார்?"
ஒன்று பாக்கி என்றேன்.
"பதினாலா? எல்லாரும் அதுலதான் நிக்கிறாங்க.
நானே டிக் அடிச்சுக்கறேன், குடுங்க."

தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது.
தாளை மடித்து லைசென்ஸ் புத்தகத்துக்குள் செருகினேன்.
தொப்பியை எடுத்தேன்.
அதற்குத் தாடையோடு கட்ட நாடா தைத்திருக்கிறாள் சரளா,
எதற்கென்று கேட்காமலே.