மற்றவை

காலை ஆறு முதல் இரவு பத்து வரை
வேலூரில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால்,
லாட்ஜுகள் நெருக்கிய ஒரு சந்தில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
மாநகராட்சிப் படிவத்தில் ஆறு கட்டம்:
இருசக்கரம், ஆட்டோ, கார், வேன், லாரி,
மற்றவை.

அகலம் ஏழு மீட்டர் இருபது.
நாடாவின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டவர்
இட்லி வண்டி நவநீதம்.
"என் வண்டி நிக்கிற இடத்தையும் சேத்தா, மேடம்?"
சேர்த்துத்தான், என்றேன்.
நாடாவை விட அவருக்கு மனசில்லை.

நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே.
ஏழரைக்குள் இருசக்கரம் நூற்றுப்பதினாறு.
தண்ணீர் லாரி வந்தது: ஒரே ஒரு கோடு.
அதைச் சுற்றி நாற்பத்தொரு குடமும்
நேற்றைய பாக்கிச் சண்டையும்
எந்தக் கட்டத்தில்?

எக்ஸ்ரே படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
நடுத்தெருவில் ஒரு குடும்பமே நின்று பார்க்கிறது.
யாரோ ஒருவருடைய நுரையீரல் வழியாக
எங்கள் ஊர் வெயில் ஒழுகுகிறது.
ஹாரன். விலகுகிறார்கள்.
மறுபடி கூடுகிறார்கள்.

பன்னிரண்டு மணிக்குத் தெருவின் மொத்த நிழல்
சன்ஷேடு போட்ட ஒன்றரை அடி.
அதில் பதினோரு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள்.
எறும்பு மாதிரி என்று எழுத வந்தேன்.
இல்லை, கையில் டோக்கன் இருக்கிறது.

நாலு மணிக்குச் செங்கல் ஸ்டம்பு.
டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குள் அடித்தால் அவுட்,
லாரி வந்தால் அந்தப் பந்து கணக்கில் இல்லை
என்று முனவ்வர் எனக்குச் சட்டம் சொன்னான்.
எனக்கு லாரி மட்டும்தான் கணக்கு, தம்பி.

ஒன்பதரைக்கு, வண்டிகள் ஓய்ந்தபின்,
மால்டாவிலிருந்து வந்த தபன் படியிறங்கி வருகிறார்.
புதுக்கால். வயது பதினாறு நாள்.
லாட்ஜ் வராந்தா இரண்டரை அடி,
நடக்கலாம், திரும்ப முடியாது.
ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குக் கிளம்புகிறார்.
அவர் வங்காளத்தில் எண்ணுகிறார், நான் தமிழில்.
முப்பத்தெட்டில் நிற்கிறார்.
அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.
யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்கின் சீட்டில்
மன்னிப்புக் கேட்பதுபோல் இரண்டு விரல் வைக்கிறார்.

மற்றவை என்ற கட்டம் நிரம்பி
தாளின் பின்பக்கம் போயிற்று.

ஆபீசில் வெட்டுப்படம் வரைந்தேன்.
வண்டிக்கு மூன்றரை மீட்டர். ஆம்புலன்ஸ் போகும், பார்த்துவிட்டேன்.
மேற்கே புங்கன், பிற்பகலுக்காக.
குடங்களுக்கு ஒரு மேடை, நவநீதத்துக்கு ஒரு சதுரம்,
எக்ஸ்ரே பார்க்க ஓரமாய்க் கொஞ்சம் வெட்டவெளி.
கிரிக்கெட்டுக்கு ஒன்றும் வரையவில்லை,
வரைந்தால் விளையாட மாட்டார்கள்.
பதினாலரை மீட்டருக்கு ஒன்றாகக்
கைப்பிடி வைத்த கல் இருக்கை.

எபனேசர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கார் எங்கம்மா நிக்கும்?"
நிற்காது சார், போகும்.
"இந்தப் பதினாலரை எந்த விதியில வருது?
பதினஞ்சுன்னா ரவுண்டா இருக்குமே."
முப்பத்தெட்டு எட்டு, எட்டுக்கு ஒன்றேகால் அடி,
பெருக்கிக் காட்டினேன்.
யாருடைய எட்டு என்று அவர் கேட்கவில்லை.
சிவப்பு மையில் 'பேசவும்' என்று எழுதி
ஃபைலை மூடி, அதன்மேல்
டிபன் பாக்ஸை வைத்தார்.

போன வாரம் மறுபடி உட்காரச் சொன்னார்கள்.
தபன் ஊருக்குப் போய்விட்டார், இரண்டு காலில்.
இரவு ஒன்பதரைக்கு
வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒரு சின்னப்பெண்,
பெயர் தெரியாது, பாஷையும் புரியவில்லை,
இருபத்திரண்டில் நின்று மூச்சு வாங்கினாள்.

ரப்பரைத் தேடினேன்.