சய எண்பது

இரவு ஒன்பதேகாலுக்குக் கறண்ட் போனது.
கார்த்திகை மழை. பண்ணைப் பக்கம் எங்கோ
மரம் கம்பியில் விழுந்துவிட்டதாம்.
ஜெனரேற்றர் ஒருமுறை இருமி
நின்றுகொண்டது.

குளிர்ப்பெட்டியின் சிவப்பு இலக்கம் மட்டும்
தன் சொந்த பற்றரியில் கணக்குச் சொல்கிறது:
சய எண்பது.
சய எழுபத்தெட்டு.
உள்ளே ஆறாயிரத்துச் சொச்சம் குப்பிகள்.
ஒவ்வொன்றிலும் அரை மில்லிலீற்றர் வைக்கோல் நிறம்,
மாரடைத்தவர்களதும் அடைக்காதவர்களதும்.
இதயம் காயப்பட்டால் என்னென்ன கசியும் என்று
ட்ரொபோனினுக்கு அப்பால் பாதிதான் தெரியும்.
மிச்சம் தெரியும்வரை இவை உறைந்திருக்க வேண்டும்.

"கதவைத் திறக்காதை" என்றேன் நிக்சனிடம்.
அவன் திறக்கவேயில்லை.
எனக்குத்தான் சொல்லிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு வாட்டிலிருந்து வந்த பதினொரு குழாய்கள்
சுற்றுப்பொறி நின்றதில்
இன்னும் சிவப்பாகவே மேசையில்.

பத்தரைக்கு ஓட்டோ ஒன்று.
றெயின்கோட், இறால் மணம், றெஜிபோம் பெட்டி.
"நானூற்றிப் பதினேழு" என்றார் வந்தவர்.
நாங்கள் பெயர் கேட்பதில்லை, அது விதி.
அவர் பெயரையும் சொன்னார்:
"பாஷையூர், செபமாலை பிலேந்திரன்.
போன வருஷம் கடலுக்கை வாய்வெண்டு நினைச்சு
சோடா குடிச்ச ஆள்.
எங்கட பக்கமும் கறண்ட் இல்லை.
என்ர ரத்தம் பழுதாப் போகுமெல்லோ,
அதுதான் ஐஸ் கொண்டந்தனான்."

ஐஸ் பூச்சியத்தில் உருகும்.
பூச்சியம் இந்தப் பெட்டிக்கு நெருப்பு.
இதை எப்படிச் சொல்வது,
மீனைக் கெடாமல் கொழும்பு சேர்க்கத் தெரிந்தவருக்கு?

சய எழுபத்து நான்கு.

மேசையைப் பார்த்தேன்.
பதினொன்றையும் கழுத்தளவு ஐஸில் நட்டோம்.
ஒன்று சரிந்தது. அவர்தான் நிமிர்த்தினார்,
சூடை அடுக்கும் விரலால்.
"இதுகள் ஆற்றை?"
"சொல்லேலாது ஐயா."
"அதுவும் சரிதான்" என்று நெஞ்சைத் தடவினார்.
நான் பயந்துபோனேன்.
சட்டைப்பையில் சிகரெட் தேடுகிற பழக்கமாம்.
ஆள் விட்டாச்சு, கை இன்னும் விடவில்லையாம்.

பன்னிரண்டு ஐந்துக்கு ஜெனரேற்றர் பிடித்தது.
சய அறுபத்தொன்பது என்று பதிவேட்டில் எழுதினேன்.
நேரம், காரணம், கையொப்பம்.
குழாய்களுக்கு: ஐஸ், வெளியிலிருந்து.
தந்தவர் யார் என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
417 என்று போட்டேன்.

பெட்டியை மறந்து விட்டுப் போயிருந்தார்.
விடிய, ஆய்வுகூடம் முழுக்க
இறால் மணம்.