வேகம் என்பது தூரம் வகுத்தல் நேரம்

காலை எட்டரைக்கு எங்கள் பள்ளிக்கூடம்
மேசையிலிருந்து சீரியல் கிண்ணங்களை
அகற்றுவதோடு தொடங்குகிறது.
மணி கிடையாது.
நாய்க்குக் கதவு திறந்துவிடுவதுதான் மணி.

"வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிறாயே,
பிள்ளைகள் உலகத்தை எப்போது பார்ப்பார்கள்?"
தபாலாபீஸ் வரிசையில் ஒருத்தி கேட்டாள்.
சரியென்று
போன செவ்வாய்க்கிழமை
உலகத்தைப் பார்க்கக் கூட்டிப்போனேன்,
வாசலிலிருந்து இருநூறு அடி.

கவுண்டி ரோடு ஒன்பது.
இந்தப் பக்கம் நாங்கள்.
அந்தப் பக்கம் ஐஸ் ஹாக்கி அரங்கம்.
நடுவில் அக்டோபர்.
அக்டோபர் என்றால் எங்கள் பள்ளத்தாக்கில்
சர்க்கரைக்கிழங்கு,
இரவும் பகலும் லாரி,
வளைவில் உருண்டு விழும் கிழங்குகள்
ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் தலையளவு.
நான் சொல்லவில்லை. வெண்டல் சொன்னான்,
ஒன்றை எடுத்துத் தன் காதோரம் பிடித்துக் காட்டி.

மடக்கு நாற்காலி மூன்று, கம்பளி, ஃப்ளாஸ்கில் கோகோ,
கோச் ட்வைலாவிடம் இரவல் வாங்கிய ஸ்டாப்வாட்ச்.
மின்கம்பத்திலிருந்து மின்கம்பம்வரை
இருநூற்று அறுபது அடி.
அளந்தவள் சோல்வே,
வயது பதினொன்று, கோல்கீப்பர்.
எதையும் தடுப்பதற்கு முன்
தூரம் பார்த்துவைக்கும் பழக்கம் அவளுக்கு.

மூன்று நொடியில் கடந்தால் ஐம்பத்தொன்பது மைல்.
பலகையில் முப்பது.
ஒரு மணி நேரத்தில் அறுபத்து மூன்று லாரி,
வேகம் குறைத்தவை நான்கு.
நான்கில் ஒன்று என் தம்பி ரோலண்ட்,
ஹார்ன் அடித்துக் கையசைத்துப் போனான்.
"மாமாவைச் சேர்க்கக் கூடாது.
நம்மைப் பார்த்ததால்தானே குறைத்தார்?"
அடித்துவிட்டு மூன்று என்று எழுதினாள்.
புத்தகத்தில் இது பதினான்காம் அத்தியாயம்.
நாங்கள் இன்னும் ஆறில்தான் இருக்கிறோம்.

நகர மன்றத்தில் ஏழு பேர்,
ஐந்து பேருக்குக் கிழங்கு வயல்.
எனக்கு மட்டும் என்ன,
லைல் அதே ஆலையில்தான் இரவு ஷிஃப்ட்.
அவளுடைய ஸ்கேட்டும் முழங்கால் கவசமும்
அந்த லாரிகள் கொண்டுவந்தவை.
எண்களை வாசித்தாள்,
ஒரு தசமப் புள்ளியில் இடறி மறுபடி எடுத்தாள்.
"இதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லையே, கண்ணு?"
கேட்டவர் நல்ல மனிதர்தான்,
லைல் இல்லாத இரண்டு காலைகளில்
எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டவர்.
அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு
"ஆமாம்" என்றாள்.
உண்மைதானே.
எனக்குத்தான் தொண்டையில் ஏதோ நின்றது,
வீடு வரும்வரை இறங்கவில்லை.

வேகத்தடை வரவில்லை. விளக்கு வரவில்லை.
ஆரஞ்சு அங்கி இரண்டு வந்தன,
ஆம்பிளை அளவில்.

மாலை நாலரைக்கு
முழங்கால்வரை தொங்கும் அங்கியில் நிற்கிறேன்.
ஹாக்கிப் பை சுமந்த பதினெட்டுப் பேரை
மூன்று மூன்றாய்க் கடத்துகிறேன்.
தபாலாபீஸில் கேட்டாளே, அவள் மகனும் உண்டு.
என் கையைப் பிடிக்க வெட்கம் அவனுக்கு,
அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறான்.

அரங்கத்துக்குள்
என் மகளை நோக்கி பக் பறந்து வரும்போது
மற்ற அம்மாக்கள் கண்ணை மூடுகிறார்கள்.
நான் அங்கேதான் கால் நீட்டி உட்காருகிறேன்.
முகமூடி இருக்கிறது, மார்புக் கவசம் இருக்கிறது,
விசில் அடித்தால்
எல்லோரும் நிற்கிறார்கள்.

இரவு பத்தே முக்காலுக்கு லைல் கிளம்பும்போது
சமையலறை விளக்கை அணைத்துவிட்டு
ஜன்னலில் நிற்பேன்.
கடக்கும் இடத்தில் பின்விளக்கு சிவக்கிறதா?
நேற்று சிவக்கவில்லை.
சொல்லலாமா வேண்டாமா என்று
படுக்கையில் புரண்டேன்.

காலையில் அவர் காப்பியில்
இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை போடும்போது
சோல்வே நோட்டை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.
மாடி ஜன்னலிலிருந்தும் ரோடு தெரியும் என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அறுபத்து நான்கு.
கார், நீலம்.
குறைக்கவில்லை.