ஈறு நிறத்தில் ஒரு மூக்கு

பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் செய்கிறேன்.
செல்லே நகரில், ஆற்றுப் பக்கச் சந்தில்,
மூன்று பேர் வேலை பார்க்கும் கூடம்.
மாலையில் வீட்டுக் கொட்டகையில்
அதே மாவு, அதே அச்சு, அதே சின்னக் கத்தி:
ரயில் பெட்டிக்கு மூக்கு வார்க்கிறேன்.

மூக்குதான் படுத்தி எடுத்தது.
பிளைவுட் வளைய மறுத்தது.
பால்சா, நகம் பட்டாலே பள்ளம்.
கடைசியில் பல்செட்டு ரெசின் ஒரு கிண்ணம் கலக்கி
அச்சில் ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.
காலையில் தட்டி உடைத்தால்
வழவழவென்று ஒரு மூக்கு,
ஈறு நிறத்தில்.
காகித ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த ஹாரோ
அதைக் கையில் எடுத்துப் பார்த்து
"யாருக்கம்மா இவ்வளவு பெரிய வாய்?" என்றான்.

வெள்ளிச் சாயம், இரண்டு பூச்சு.

இந்த நாட்டில் ஒரு காலத்தில்
வாலில் விசிறி வைத்த வெள்ளி ரயில் நிஜமாகவே ஓடியது.
ஒன்றே ஒன்று. பிறகு அதைப் பிரித்துப் போட்டார்கள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை,
இப்போது கொஞ்சம் தெரிகிறது.

சக்கரங்களுக்கு வேலை கிடையாது.
மாப்பிள்ளைத் தோழன் மாதிரி
கூடவே வந்தால் போதும்.
இழுப்பதும் தள்ளுவதும் காற்றின் பாடு.

மாவு நிறுக்கும் தராசில்
வண்டியை மூக்குக் குத்த நிறுத்தி
முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி
விசையைத் திறந்தேன்.
நூற்றெண்பது கிராம்!
கூரை விளக்கு ஊஞ்சலாடி
ஆறு வருடத் தூசு
என் காப்பியில் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணி.
நாற்பத்திரண்டு மீட்டர் தண்டவாளம்,
கொடிமுந்திரி இல்லாத இந்த ஊரில்
சிவப்புப் பெர்ரிப் புதர்களைச் சுற்றி.
விசையைத் திறந்தேன்.
வண்டி பின்னால் வந்தது.
என் கணுக்காலை நோக்கி, வெறியோடு.
மோட்டாரின் மூன்று கம்பியில்
இரண்டு இடம் மாறியிருந்தன.
வலது கால் உறை கிழிந்தது,
கால் பிழைத்தது.

கம்பியை மாற்றினேன்.
இந்தமுறை முன்னால்.
அப்போதுதான் அந்தச் சத்தம் எனக்கே உறைத்தது:
அசல் பல் துளைக்கும் மிஷின்.
வேலிக்கு அப்பால் ஓலன்டார்ஃப்
தக்காளிச் செடியை விட்டுவிட்டு
தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
அவருடைய கீழ் வரிசை, பதினான்கு பல்,
என் கை வேலைதான். இருவருமே அதைச் சொல்லவில்லை.

அவர் ஆமை எல்ஸா
தினமும் நாலரைக்குத் தண்டவாளத்தைக் கடக்கும்.
யாரிடமும் அனுமதி கேட்காது.
விசிறிக்கு ஒரு வளையம் கட்டினேன்,
பழைய சல்லடையின் விளிம்பு.
தராசு நூற்று நாற்பது என்றது.
நாற்பது கிராம், ஓர் ஆமைக்கு.
வளையத்தைக் கழற்றினேன்.
மாட்டினேன்.
கழற்றி, ஒரு சிகரெட் முடியும்வரை கையில் வைத்திருந்து,
மாட்டினேன்.

நேற்று ஹாரோ விழித்திருந்தான்,
தூக்கக் கண்ணோடு, பைஜாமாவில், புல்லில்.
அவனுக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில்
விசையை முழுக்கத் திறந்துவிட்டேன்.
முதல் வளைவில் சாய்ந்தது, நிமிர்ந்தது.
எல்ஸா கடந்து முடித்திருந்தாள்.
நேர்கோட்டில் வெள்ளி ஒரு கீறலாகி
கண்ணுக்கு அகப்படாமல் போனது.
ஹாரோ "ஓ" என்றான்.
அந்த ஓ முடிவதற்குள்
தண்டவாளம் முடிந்துவிட்டது.

பிரேக் வைக்கவில்லை.
மூக்கைப் பற்றியே யோசித்தவள்
நிற்பதைப் பற்றி யோசிக்கவில்லை.

ரூபார்ப் பாத்திக்குள் கையை விட்டுத் துழாவினேன்.
ஓர் இலை துண்டாகியிருந்தது.
மூக்கு உடையவில்லை, என் ரெசின் உடையாது,
நுனியில் மட்டும் வெள்ளி உரிந்து
ஈறு தெரிந்தது.
ஓலன்டார்ஃப் வேலி மேல் தலை நீட்டினார்.
"மறுபடியும் ஒருதடவை" என்றார்,
தாடையில் கையை வைத்துக்கொண்டே.

வண்டிக்குப் பின்னால் வரும் வழி இனி கிடையாது.
கம்பியைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.
ஒவ்வொரு முறையும் நான்தான்
புதர்களைச் சுற்றி நடந்து
கைக்குழந்தை போல் தூக்கி வரவேண்டும்.
தூக்கி வந்தேன்.
வடக்கிலிருந்து காற்று வீசியது.
மோட்டார் அணைந்திருந்தது.
விசிறி மட்டும் என் கையில்
மெல்ல, தானாக,
சுற்றிக்கொண்டிருந்தது.