ஆறு விடியல் வித்தியாசம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஒரு நாள் வாடகைக்கு இரண்டையும் எடுத்தேன்.
ஈடாக ஸ்கூட்டியின் ஆர்.சி. புத்தகம்,
மழை பட்டால் என் பொறுப்பு என்ற தாளில் கையெழுத்து.
ஒன்றில் சிவப்பு எழுத்து.
மற்றதில், லென்ஸ் பொருந்தும் வாயைச் சுற்றி ஆரஞ்சு வளையம்.
பெயரைச் சொல்ல மாட்டேன்,
இரண்டு கம்பெனியும் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்ததில்லை.

சீட்டு விழுந்தது அறுபத்திரண்டாயிரம்.
அதற்குள் அடங்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.
அங்கே எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும்,
அவ்வளவு வெளிச்சத்தை விலைக்கு வாங்கிக் கொட்டியிருப்பார்கள்.
எனக்கு இருட்டு வேண்டும்.
குலசேகரம் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்குள்,
காலை நாலரைக்கு
றோஸ்லெட் பால் வெட்டுகிற இடத்துக்குப் போனேன்.
பிளஸ் டூவில் என் பெஞ்சு.

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
மரம் மரமாகப் போகிறாள்.
அவள் பார்க்கும் பக்கம் மட்டும் உலகம் இருக்கிறது.
கத்தி பட்டையைச் சீவும் சத்தம்,
பிறகு நடை,
பிறகு கத்தி.

சிவப்புக்காரனை முதலில் எடுத்தேன்.
கைக்கு அடக்கம். சுண்டுவிரலுக்கும் இடம் வைத்திருக்கிறான்.
ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறில்
இருட்டைச் சோப்புப் போட்டுத் துவைத்துவிடுகிறான்,
பட்டையின் சொரசொரப்பு போய்
மரம் மெழுகியதுபோல நிற்கிறது.
ஆனால் றோஸ்லெட்டின் முகம்
றோஸ்லெட்டின் நிறத்திலேயே இருந்தது.
அதற்குத் தனி மார்க்கு.

வளையக்காரன் இருட்டை அப்படியே விடுகிறான்,
சலிக்காத புட்டுமாவு மாதிரி.
மெனுதான் மின்வாரிய ஆபீஸ்,
எதைக் கேட்டாலும் அடுத்த அறைக்குப் போகச் சொல்கிறது.
முகத்தில் லேசாகப் பச்சை.
தோட்டத்தின் பச்சையா அவனுடைய பச்சையா,
விடியட்டும் என்று விட்டேன்.

"எவ்வளவு ஆகும்?"
ஒன்று ஐம்பத்தெட்டாயிரம், மற்றது அறுபத்தொன்றரை.
கத்தியை நிறுத்தாமலே கணக்குப் போட்டாள்:
"மரத்துக்கு ரெண்டு ரூவா. நாளைக்கு முந்நூறு மரம்.
ரெண்டுக்கும் நடுவில ஆறு விடியல்.
மழை பெய்யாத விடியலா எடுத்துக்கோ."
நான் இத்தனை நாள்
மெகாபிக்சலில் அளந்துகொண்டிருந்தேன்.

பிறகுதான் அது நடந்தது.
சிவப்புக்காரன் கண்ணைத் தேடிப் பிடிப்பவன்.
திரையில் அவன் போட்ட சின்னச் சதுரம்
அவள் கண்ணிலிருந்து நழுவி
மரத்தில் கட்டிய சிரட்டைக்குப் போனது.
கறுத்த சிரட்டை, நடுவில் வட்டமாய்ப் பால்.
கண்ணென்று நினைத்துவிட்டான்.
பொத்தானை விட்டு மறுபடி அமுக்கினேன்,
மறுபடியும் சிரட்டை.
அடுத்த மரத்தில், அங்கேயும்.

"என்னத்துக்குச் சிரிக்க?"
திரையைக் காட்டினேன்.
விளக்கைத் திருப்பி, வந்த வழியை ஒருமுறை பார்த்தாள்.
"எல்லாம் முழிச்சுக்கிட்டுல்லா கிடக்கு."
அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

வளையக்காரனிடம் அந்தப் பிசகு இல்லை.
அவள் குனிந்தாலும் திரும்பினாலும்
கொக்கி போட்டதுபோல அவள் கண்ணிலேயே நின்றான்.
கல்யாணத்துக்கு அவன்தான் சரி.
தாலி கட்டும் நேரத்தில்
தேங்காய் மூடியைப் பார்த்து நிற்பவனை வைத்துக்கொண்டு
என்ன சொல்லி நான் முன்பணம் வாங்குவேன்?

ஆறு விடியல் கூடக் கொடுத்து
வளையக்காரனை வாங்கினேன்.
ஆவணியில் நான்கு கல்யாணம், ஒரு ஞானஸ்நானம்.
பச்சை அவனுடையதுதான்.
உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகச் சரி செய்கிறேன்.

அன்றைய படங்களை நேற்று கணினியில் திறந்தேன்.
சிரட்டை துல்லியமாக இருக்கிறது,
பின்னால் றோஸ்லெட் ஒரு கலங்கல்.
சதுரத்தைக் காணோம்.
அது திரையில்தான் வரும், படத்தில் பதியாது,
தெரிந்த விஷயம்.
இருந்தும் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன்.
பாலின் விளிம்பில்
ஒரு எறும்பு இருந்தது.