மூன்றாம் நாற்காலி

விதி எளிது. முதல் நாளே சொல்லிவிட்டார்கள்:
அவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்.
‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கிக்கொள்ளாதே.

அன்றிலிருந்து புக்கிட் பெட்டானியில், ஏழாம் அறையில்,
மூன்றாம் நாற்காலி என்னுடையது.
செந்தூலில் பிறந்தவள்,
ஹாட்யாய் முத்திரை மட்டும் விழுந்த கடப்பிதழ்க்காரி,
நான் நான்கு முறை இடம்பெயர்ந்திருக்கிறேன்.
இரவில் கடல் கடந்திருக்கிறேன்.
தம்பியை வட்டக்கச்சியில் ஒரு பூவரசின் கீழ்
மண்வெட்டி இல்லாமல் புதைத்திருக்கிறேன்.
பிறகு மதியம் கீழே இறங்கி
நாசி லெமாக்கில் நெத்திலி கூடக் கேட்டு வாங்குவேன்.

தமிழுக்குத் தமிழே தடுக்கும் இடங்கள் உண்டு.
‘வீட்டில செல் விழுந்தது’ என்றார் ஒருவர், என் முதல் வாரத்தில்.
கைப்பேசி என்று மொழிபெயர்த்தேன்.
கூரை எங்கே போனது என்று அதிகாரி கேட்ட பிறகுதான்
அந்தச் சொல்லை என் வாயிலிருந்து பொறுக்கி எடுத்தேன்.
‘கதைச்சவை’ என்றால் பேசினார்கள்.
எங்கள் தெருவில் கதை விட்டால் பொய்.
ஆறு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிறேன்.
சறுக்கினால் விழப்போவது நானல்ல.

செவ்வாய்க்கிழமை குகதாசன் வந்தார்.
பிரிக்பீல்ட்ஸில் தட்டு கழுவுபவர்,
விரலிடுக்கில் சவர்க்காரம் தின்ற வெள்ளை.
போன மாதம் சாலைத் தடுப்பில்
ஐநா அட்டையைக் காட்டியவர், அது போதாமல்
நூற்றைம்பது ரிங்கிட்டையும் காட்டியவர்.

அபேனா கேட்கிறாள்: எந்த மாதம்? மழைக்கு முன்பா, பின்பா?

‘மாதம் வடிவாத் தெரியும். செப்டம்பர்.
உவையள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட மாதம்.
வாசல்ல நிண்டு மறிச்சனாங்கள். சனம் அழுதது.
வெள்ளை வாகனம், பக்கத்தில நீல எழுத்து.
கடைசி வாகனத்தின்ர கண்ணாடியில நான் தட்டினனான்.
உள்ளுக்கை இருந்தவர் கையெடுத்துக் கும்பிட்டவர்.’

நான் தட்டினேன் என்றேன்.
அவர் என்னைக் கும்பிட்டார் என்றேன்.

குகதாசன் என் பக்கம் திரும்பினார்.
‘அக்கா, ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. ஏன் போனவை?’

நேரே பார்த்துக் கேட்டேன்:
ஏன் எங்களை விட்டுப் போனீர்கள்?

ஆங்கிலத்தில் ஒருத்திக்கும் ஊருக்கும் ஒரே சொல்.
அது அவள் மேல் விழுந்தது.
அவர் கேட்டது ‘போனவை’.
‘போனீர்கள்’ என்றது யார்?

அப்போது அவளுக்குப் பதினொரு வயது.
குமாசியில் ஏதோ பள்ளியில் பின்னல் கலையாமல் இருந்திருப்பாள்.
மேசையில் அவள் அப்பாவின் படம்,
நீலத் தொப்பி, பின்னால் லெபனானின் வறண்ட மலை.
பேனாவை மூடினாள். படிவத்தைப் புரட்டினாள்.
‘இதற்கு இதில் கட்டம் இல்லை’ என்றாள்,
சட்டம் பேசுகிறவள்போல் இல்லை,
தேடிப் பார்த்துக் கிடைக்காதவள்போல்.
பிறகு தாளின் பின்பக்கத்தில் நெடுநேரம் எழுதினாள்.
எழுதியதைப் படிப்பது என் நாற்காலியின் வேலை அல்ல.

குகதாசன் தண்ணீரைக் குடித்து முடித்தார்.
‘வேற என்ன கேக்கினம்?’ என்றார்.

இரவு ஜாலான் ஈப்போவில் சாலைத் தடுப்பு.
டார்ச் முகத்தில் அடிக்க, அடையாள அட்டையை நீட்டினேன்.
அதுவும் நீலம்தான்.
பன்னிரண்டு வயதில், ஒரு கேள்வி இல்லாமல்,
அரை மணி நேரத்தில் கிடைத்த நீலம்.
போலீஸ்காரர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பையனை
ஓரம் கட்டச் சொன்னார்கள்.
பக்கக் கண்ணாடியில் தெரிந்தது:
சட்டைப் பையிலிருந்து எதையோ எடுக்கிறான்,
வெளிச்சத்தில் பிடிக்கிறான்,
இன்னும் பிடித்துக்கொண்டே நிற்கிறான்.

அவனுக்கும் பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.

நான் வெளிக்கிட்டேன்.