ஆம்பல் பூக்காத உயரம்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பந்தெறியும் கூடம்.
கயிறு கட்டி இரண்டு போர்வை தொங்கவிட்டால்
அதுதான் ஆஸ்பத்திரி.
வெளியே ஜெனரேட்டர் இருமுகிறது.
ஜெல் புட்டியைத் தேநீர்க் கெட்டிலோடு
சாய்த்து வைத்திருக்கிறேன்.
இந்த உயரத்தில், இந்த அக்டோபரில்
சில்லென்று ஒரு வயிற்றில் வைத்துவிட்டால்
அடுத்த ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள்.

சட்டையைத் தூக்குங்கள்.
மூச்சை இழுத்துப் பிடியுங்கள்.
விடுங்கள்.
ஈரல், ஈரல், ஈரல்,
ஆடு மேய்ந்து முடித்த சரிவு மாதிரி
ஒரே சாம்பல்.
காலையிலிருந்து நாற்பது பேர். கடவுளே,
சலிப்பு எவ்வளவு நல்ல விஷயம்!

நடுவில் தோக்டோசுன் என்ற மேய்ப்பர் ஒருவருக்கு மட்டும்
உருண்டையாக ஏதோ.
உள்ளே நீர் இல்லை, சுருண்ட கோடுகள்.
நூலுருண்டை என்று எங்களுக்குப் பாடம்:
நாடாப்புழுவின் கட்டி, எப்போதோ செத்தது.
உங்கள் உடம்பே கொன்றிருக்கிறது, நூலுருண்டையாகிவிட்டது என்றேன்.
"எந்த ஆட்டுக் கம்பளி?" என்று கேட்டார்.
வரிசை முழுதும் சிரித்தது.

எர்மெக் மட்டும் சிரிக்கவில்லை.
கல்பாக்கைக் கழற்றாமல் கதவோரம் நின்றார்.
பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வைக்கிற கருவி,
அதன் முன்னால் ஆண்பிள்ளை படுப்பதா?
"வலிக்கிறதா பார், நான் படுக்கிறேன்" என்று
அவர் மனைவி ஜிபார் முந்திக்கொண்டாள்.
பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
உடம்பெல்லாம் வறட்டிப் புகை வாசம்.
"கூச்சம்தான், வேறொன்றுமில்லை!"
சிரித்தாள்.
அவள் சிரிப்பில் ஈரல் குலுங்க,
திரையின் கருப்பு நீரில்
கழன்ற சவ்வொன்று
அசைந்து அசைந்து மிதந்தது.

ஆம்பல் என்று இதற்குப் பெயர்.
குளமுள்ள நாட்டு மருத்துவர் யாரோ வைத்திருக்க வேண்டும்.
நான் ஆம்பலைப் பார்த்ததில்லை.
அலாயில் தண்ணீர் என்றால் பனி,
இல்லையென்றால் பனி விட்டு ஓடுவது.
நிற்க நேரமில்லாத தண்ணீரில்
எந்தப் பூ நிற்கும்?

ஏழு சென்டிமீட்டர்.
மறுபடி அளந்தேன். ஏழு.
அவள் சிரித்து முடிக்கட்டும் என்று
மூன்றாம் முறையும் அளந்தேன்.

சொன்னேன்.
நாய் வழியாக வருவது, ஆனால் நாய்மேல் குற்றமில்லை,
அறுத்த ஆட்டின் ஈரலை
நாய்க்கு எறிந்த கை ஒன்று இருக்கிறது.
யார் கை என்று கேட்காதே,
இந்தப் பள்ளத்தாக்கில் எல்லார் கையும்.
சவ்வு கழன்றிருக்கிறது; புழு சாகலாம்,
சாகாமல் உள்ளே இன்னும் கட்டிகள் போடலாம்.
அவற்றை நாங்கள் மகள்கள் என்போம்.
அவளுக்கு மூன்று பையன்கள்.
நான்காவதாவது, என்று
படுக்கும்போதே சொல்லியிருந்தாள்.
அந்தச் சொல்லை நான் விழுங்கிவிட்டேன்.

"ஓஷுக்கு வந்துவிடு. மாத்திரை, பிறகு சர்ஜன் பார்ப்பார்.
அதுவரை குதிரை ஏறாதே."
ஏன் என்றாள்.
"விழுந்தால் உடையும். உடைந்தால்
வயிறு முழுக்க விதைத்துவிடும்."
யோசித்தாள்.
"குதிரை ஏறாமல்
பஸ் நிற்கிற சாலைக்கு எப்படி வருவேன்?"

இதற்குப் பதில்
என் புத்தகம் எதிலும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே எர்மெக்.
நாயின் முன்னால் குந்தியிருக்கிறார்.
அதன் தலைக்குப் போன கை
பாதி வழியில் நிற்கிறது.
நாய் வாலால் மண்ணைத் தட்டிக்கொண்டு
மீதித் தூரத்துக்குக் காத்திருக்கிறது.

பிறகு உள்ளே வந்தார்.
வாளித் தண்ணீரில் முழங்கைவரை கழுவினார்,
ரொம்ப நேரம்.
கல்பாக்கைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு
அவள் எழுந்த சூடு ஆறாத இடத்தில் படுத்தார்.

ஜெல்லைத் துடைத்தேன். புதிதாக வைத்தேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டார்.
நான் இன்னும்
பிடிக்கச் சொல்லவில்லை.